இராணுவ ஊர்தி அளவுமாதிரிகளின் நிறத்தேர்வு

இராணுவ ஊர்தி அளவுமாதிரிகளின் நிறத்தேர்வு என்பது டாங்கி, சரக்குந்து, மோட்டார் சைக்கிள் முதலிய படைத்துறை ஊர்திகளைச் சிறிய அளவில் உருவாக்கும்போது, அவற்றின் மெய்யான தோற்றத்துக்கு இயன்றவரை நெருங்கிய வண்ணங்களைத் தெரிவு செய்யும் முறை ஆகும். 1:35, 1:48, 1:72 ஆகியவை இத்துறையில் பரவலாக வழங்கும் அளவுகள். ஊர்தியில் பூசப்பட்ட அதே வண்ணத்தை மாதிரியிலும் பூசினால் போதும் என்பது பொதுவான எண்ணம். எனினும் ஒளி, அளவு, வெயில், புழுதி, ஒளிப்படத்தின் பிழை ஆகியவை இடையில் புகுவதால், அவ்வாறு பூசப்பட்ட மாதிரி பெரும்பாலும் உண்மையினும் கருமையாகவே தோன்றும். இக்கட்டுரை சென்னைப் பகுதியில் உருவான இந்தியப் படை ஊர்திகளை எடுத்துக்காட்டாகக் கொண்டு இம்முறையை விளக்குகிறது.

சென்னையும் படை ஊர்திகளும்

சென்னையின் வடக்கே, திருவொற்றியூருக்கும் எண்ணூருக்கும் இடையில் அமைந்த பகுதி விம்கோ நகர். விம்கோ தீப்பெட்டி ஆலையால் இப்பெயர் பெற்றது. இதை ஒட்டிய தொழிற்பகுதி இந்தியத் தானுந்துத் தொழிலின் தொடக்க இடங்களுள் ஒன்று. 1948 ஆம் ஆண்டில் அசோக் மோட்டார்சு என்ற பெயரில் நிறுவப்பட்டு, 1955 இல் அசோக் லேலண்டு எனப் பெயர் மாறிய நிறுவனத்தின் ஆலை எண்ணூரில் உள்ளது. இந்நிறுவனத்தின் ஸ்டாலியன் சரக்குந்துகள் இந்தியத் தரைப்படையில் பெருமளவில் பயன்படுகின்றன. இங்கிலாந்தின் ரெட்டிச் நகர நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்சும் 1955 இல் இணைந்து உருவாக்கிய என்ஃபீல்டு இந்தியா, திருவொற்றியூரில் புல்லட் மோட்டார் சைக்கிள்களைத் தயாரித்தது. தரைப்படையும் புல்லட்டைப் பயன்படுத்தியது.

நகரின் மேற்கே ஆவடியில் கனரக ஊர்தித் தொழிற்சாலை உள்ளது. பிரித்தானிய விக்கர்சு நிறுவனத்தின் உரிமத்துடன் விஜயந்தா டாங்கிகள் 1965 முதல் இங்கு தயாராயின. பின்னர் டி-72 அஜேயா, டி-90 பீஷ்மா, அர்ஜுன் ஆகியவையும் இங்கு உருவாயின. 2021 அக்டோபர் 1 முதல் இத்தொழிற்சாலை கவச ஊர்திகள் நிகாம் நிறுவனத்தின்கீழ் இயங்குகிறது. 2021 பெப்ரவரி 14 அன்று சென்னையில் நடந்த ஒரே விழாவில், வண்ணாரப்பேட்டை முதல் விம்கோ நகர் வரையிலான மெட்ரோ தொடர்வண்டித் தடம் திறக்கப்பட்டதும், அர்ஜுன் மார்க் 1ஏ டாங்கி தரைப்படைத் தலைமைத் தளபதியிடம் கையளிக்கப்பட்டதும் குறிப்பிடத்தக்கன.

ஆலிவ் பச்சை

இந்தியப் படை ஊர்திகளின் அடிப்படை நிறம் ஆலிவ் பச்சை. இது தூய பச்சை அன்று. மஞ்சளும் கருமையும் கலந்து மங்கலாகத் தோன்றும் பச்சை. மஞ்சள் காவியுடன் கறுப்பைக் கலந்தாலே, பச்சை நிறப்பொருள் எதுவும் சேர்க்காமல், ஆலிவ் பச்சையை ஒத்த நிறம் கிடைக்கும். தொடக்கநிலை மாதிரியாளர்கள் நீலமும் மஞ்சளும் கலந்து பச்சை உண்டாக்கிப் பின்னர் கறுப்பைச் சேர்ப்பர். அதில் கிடைப்பது பெரும்பாலும் இலைப் பச்சையாகவே அமையும்.

1989 ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் ஊர்தி விதிகளில் 121 ஆம் விதி, பாதுகாப்புத் துறைக்கு உரியவை தவிர்ந்த வேறு மோட்டார் ஊர்திகளுக்கு ஆலிவ் பச்சை பூசுவதைத் தடை செய்கிறது. எனவே சாலையில் காணும் தனியார் ஜீப்பின் பச்சையைப் படை நிறத்துக்குச் சான்றாகக் கொள்ள இயலாது. இவ்விதி மோட்டார் ஊர்திகளைப் பற்றியது என்பதால் அளவுமாதிரிகளைக் கட்டுப்படுத்தாது.

பாலைவனப் பகுதிகளில் செயல்படும் டாங்கிகளில் மணல் நிறமும் பச்சையும் திட்டுத்திட்டாகப் பூசப்படுகின்றன. குடியரசு நாள் அணிவகுப்புகளில் காணும் அர்ஜுன் டாங்கிகள் இதற்கு எடுத்துக்காட்டு. அணிவகுப்புக்கு வரும் ஊர்தி புதிதாகப் பூசப்பட்டுத் துடைக்கப்பட்டு வருவது. அது வண்ணத் திட்டத்தை அறிய உதவும். களத்தில் உள்ள தோற்றத்தை அறிய உதவாது.

நிற அட்டைகளும் எண்களும்

நிறங்களைச் சொல்லால் விவரிப்பது குழப்பம் தருவதால், எண்ணிட்ட நிற அட்டைகள் பயன்படுகின்றன. அவற்றுள் முதன்மையானவை பின்வருமாறு:

ஐ.எஸ். 5: ஆயத்த வண்ணப்பூச்சுகளுக்கும் எனாமல்களுக்கும் உரிய இந்தியத் தரம். இதில் 220 ஆம் எண் ஆலிவ் பச்சை.

பி.எஸ். 381சி: பிரித்தானியத் தரம். இதிலும் 220 ஆம் எண் ஆலிவ் பச்சையே. இந்திய எண்கள் பல இதனை ஒட்டி அமைந்தவை.

ரால்: 1927 இல் செருமனியில் தொடங்கிய நிற அட்டை.

எஃப்.எஸ். 595: 1956 இல் வெளியான அமெரிக்கத் தரம். 2017 இல் இதன் இடத்தை எஸ்.ஏ.ஈ. அமைப்பின் ஏ.எம்.எஸ்.-எஸ்.டி.டி.-595 பெற்றது, எண்கள் தொடர்கின்றன.

அமெரிக்க எண்முறை எளிதில் விளங்கக்கூடியது. ஐந்து இலக்கங்களுள் முதலாவது மினுக்கத்தைக் குறிக்கும். 1 எனில் மினுக்கம், 2 எனில் அரை மினுக்கம், 3 எனில் மங்கல். இரண்டாவது இலக்கம் நிறத்தொகுதி. 4 எனில் பச்சை. எஞ்சிய மூன்றும் ஏறத்தாழ ஒளித்திருப்பத்தின் ஏறுவரிசை. ஆகவே 34087 என்பது மங்கலான, மிகக் கருமை சார்ந்த பச்சை என்பதை அட்டையைப் பாராமலே ஊகிக்கலாம்.

அட்டை எண் ஒரு தொடக்கப் புள்ளி மட்டுமே. ஐ.எஸ். 5 இல் ஆலிவ் பச்சை உண்டு என்பதால், ஒவ்வொரு படை ஊர்தியும் அந்நிறத்திலேயே பூசப்பட்டது என்று முடிவு செய்தல் கூடாது. படைத்துறைப் பூச்சுகளுக்குத் தனித் தேவைகள் உண்டு. எடுத்துக்காட்டாக, இலைகள் ஏறத்தாழ 700 நானோமீட்டருக்கு அப்பால் அகச்சிவப்பு ஒளியை மிகுதியாகத் திருப்பி அனுப்பும். கண்ணுக்குப் பச்சையாகத் தோன்றும் சாதாரணப் பூச்சு அகச்சிவப்புக் கருவியில் இலைகளின் நடுவே கரும்புள்ளியாகக் காட்டிக் கொடுத்துவிடும். இதனைத் தவிர்க்கக் குரோமியம் ஆக்சைடு போன்ற நிறப்பொருள்கள் சேர்க்கப்படுகின்றன.

மாதிரி கருமையாகத் தோன்றுவது ஏன்?

சிறிய மாதிரிக்கு நிறத்தை வெளிறச் செய்ய வேண்டும் என்ற விதி மாதிரியாளரிடையே நெடுங்காலமாக வழங்குகிறது. தொலைவில் உள்ள பொருளுக்கும் கண்ணுக்கும் இடையிலான காற்று நிறத்தை வெளிறச் செய்வதே காரணம் என்று பொதுவாக விளக்கப்படுகிறது. இவ்விளக்கத்தைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். 1:35 மாதிரியை 40 செ.மீ. தொலைவிலிருந்து பார்ப்பது, மெய்யான ஊர்தியை 14 மீட்டர் தொலைவிலிருந்து பார்ப்பதற்கு ஒப்பாகும். 10 கி.மீ. வரை பார்வை தெரியும் நாளில், 14 மீட்டர் காற்று சேர்க்கும் வெளிறல் ஏறத்தாழ அரை விழுக்காடு மட்டுமே. 1:72 மாதிரிக்கும் அது ஒரு விழுக்காட்டை ஒட்டியே அமையும். கண்ணால் இதனை அறிவது கடினம். எனவே காற்று முதன்மைக் காரணம் அன்று.

உண்மையான காரணம் ஒளியின் அளவு. நண்பகல் வெயிலில் ஒளிர்வு ஏறத்தாழ 1,00,000 லக்ஸ். வீட்டு அறையில் மின்விளக்கின்கீழ் அது 200 முதல் 500 லக்ஸ் வரை. கண் இருளுக்கு ஓரளவு தன்னைப் பழக்கிக்கொள்ளும் என்றாலும், ஒளி குறையும்போது நிறங்களின் செறிவு குறைந்து தோன்றும். ஆர். டபிள்யூ. ஜி. ஹண்ட் 1952 இல் விவரித்த இவ்விளைவு அவர் பெயராலேயே வழங்கப்படுகிறது. ஆலிவ் பச்சை தன் மீது விழும் ஒளியில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே திருப்பி அனுப்புவது. அத்தகைய கருநிறம் அறையொளியில் கறுப்பை நெருங்கிவிடும்; விளிம்புகளும் திருகாணிகளும் தெரியா. மேலும், ஒரே நிறம் பெரும் பரப்பில் வெளிறியும் சிறு பரப்பில் கருமையாகவும் தோன்றுவது இயல்பு.

இதிலிருந்து ஒரு நடைமுறை முடிவு பெறப்படுகிறது. வெளிறச் செய்யும் அளவு மாதிரியின் அளவை மட்டுமன்றி, மாதிரி வைக்கப்படும் இடத்தின் ஒளியையும் பொறுத்தது. சன்னலோரம் வைக்கும் மாதிரிக்குச் சிறிதளவு போதும். நிலைப்பேழையின் உள்ளே வைப்பதற்கு மேலும் வேண்டும். ஆலிவ் பச்சையை வெளிறச் செய்ய வெள்ளையைச் சேர்த்தால் நிறம் குளிர்ந்து சாம்பல் தட்டும். வெளிர் மணல் நிறம் அல்லது மஞ்சள் காவியைச் சேர்த்தால் ஆலிவ் தன்மை நிலைத்திருக்கும்.

ஒளிப்படங்களை வாசித்தல்

பெரும்பாலான மாதிரியாளர்களுக்கு ஒளிப்படமே சான்று. அது பல வகையில் ஏமாற்றக்கூடியது.

பழைய வண்ணப் படத்தாள்களில் மூன்று சாயங்களும் ஒரே வேகத்தில் மங்குவதில்லை. பல தாள்களில் மயில்நீலச் சாயம் முதலில் மங்குவதால் படம் முழுவதும் சிவப்புத் தட்டிவிடும். அத்தகைய படத்தில் ஆலிவ் பச்சை பழுப்பாகத் தோன்றும். படத்தில் உள்ள வெள்ளை எழுத்து, வானம், மனிதத் தோல் ஆகியவற்றை நோக்கினால் பிறழ்வின் திசை விளங்கும். பதிவெண்ணின் வெள்ளை எழுத்தே இளஞ்சிவப்பாகத் தெரியுமானால் ஊர்தியின் பழுப்பையும் நம்புதல் இயலாது.

கறுப்பு வெள்ளைப் படங்களிலும் இடர் உண்டு. சில பழைய படச்சுருள்கள் சிவப்பை உணராதவை. அவற்றில் செந்நிறம் கறுப்பாகப் பதியும். எண்மிய ஒளிப்படக் கருவிகள் வெண்மையைத் தாமே சரிசெய்துகொள்வதால், ஒரே ஊர்தி அடுத்தடுத்த இரு படங்களில் இருவேறு பச்சையாகத் தோன்றக்கூடும். திரைப்படங்களில் படம்பிடித்த பின்னரும் நிறம் மாற்றியமைக்கப்படுவதால் அவை சான்று ஆகா.

பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலைகளும் படை முகாம்களும் 1923 ஆம் ஆண்டின் அலுவல்சார் மறைபொருள் சட்டத்தின்கீழ் தடை செய்யப்பட்ட இடங்கள். மாதிரிக்காக என்றாலும் அங்கு ஒளிப்படம் எடுத்தல் கூடாது. அணிவகுப்பு, பொதுக் காட்சி, அரசு வெளியிட்ட படங்கள் ஆகியவையே உரிய வழி.

காட்சி ஊர்திகளும் மறையும் நிறமும்

பணி முடிந்த விஜயந்தா உள்ளிட்ட டாங்கிகள் நாட்டின் பல இடங்களில் நினைவுச் சின்னங்களாக நிறுத்தப்பட்டுள்ளன. மகாராட்டிரத்தின் அகமதுநகரில் 1994 இல் தொடங்கப்பட்ட குதிரைப்படை டாங்கி அருங்காட்சியகம் இவற்றுள் பெரியது. மாதிரியாளர் நேரில் அளந்து பார்க்கக் கிடைப்பவை இவையே. வடிவத்துக்கு இவற்றைவிட நல்ல சான்று இல்லை. நிறத்துக்கு இவை நம்பத்தக்கவை அல்ல.

வெட்டவெளியில் நிற்கும் ஊர்திக்குச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மறுபூச்சு தேவை. அப்போது கடையில் கிடைக்கும் பச்சை எனாமல் பூசப்படுவது உண்டு. அது மினுக்கமானது, பலவேளை இலைப் பச்சையானது. சக்கரத்தின் இரப்பர், பார்வைக் கண்ணாடி, சங்கிலிப் பட்டை ஆகியவற்றின் மீதும் அது படர்ந்துவிடும். அடுத்த தலைமுறை அதையே விஜயந்தாவின் நிறமெனப் படமெடுக்கும். அப்படத்தைக் கொண்டு மாதிரிகள் உருவாகும். அம்மாதிரிகளே பின்னர் சான்றாகக் காட்டப்படும். இவ்வாறு ஓர் ஊர்தியின் மெய்யான தோற்றம் எவரும் அறியாமல் மறைந்துவிடும். ஆவடியில் தொடர்ந்து தயாரிக்கப்பட்ட முதல் டாங்கியைப் பொறுத்தவரை இது சிறிய இழப்பு அன்று.

மூல நிறம் பெரும்பாலும் முற்றாக அழிவதில்லை. மூடிகளின் உட்புறம், கீல்களின் இடுக்கு, கருவித் தாங்கிகளின் பின்புறம் ஆகிய இடங்களில் மறுபூச்சுத் தூரிகை எட்டுவதில்லை. உரிய பொறுப்பாளரின் இசைவுடன் இத்தகைய இடங்களை நிற அட்டையுடன் ஒப்பிட்டுக் குறித்துக்கொள்ளலாம். சின்னத்தைச் சுரண்டுதல் கூடாது.

தொழிலாளர்களின் நினைவு மற்றுமொரு சான்று. ஆவடியிலும் எண்ணூர், திருவொற்றியூர் பகுதிகளிலும் ஊர்தி ஆலைகளில் பணிபுரிந்து ஓய்வு பெற்றோர் வாழ்கின்றனர். நிறத்தின் துல்லியமான சாயலைப் பொறுத்தவரை மனித நினைவு வலுவற்றது. நினைவில் நிற்கும் நிறம் உண்மையினும் செறிவானதாக இருக்கும் என்பது அறியப்பட்டதே. ஆகவே, எந்தப் பச்சை என்று அவர்களிடம் கேட்பதில் பயன் குறைவு. அடிப்பூச்சு என்ன நிறம், எத்தனை பூச்சு, தெளித்தார்களா தூரிகையால் பூசினார்களா, எந்தப் பாகம் பூச்சுக்குப் பின் பொருத்தப்பட்டது, எதை மூடி மறைத்துப் பூசினார்கள் என்பன கையால் செய்த வேலை பற்றிய கேள்விகள். அவற்றுக்குக் கிடைக்கும் விடைகள் பெரிதும் நம்பத்தக்கவை. மாதிரிக்கு நேரடியாகப் பயன்படுபவையும் அவையே.

வெயில், புழுதி, துரு

பூச்சின் பிணைப்பொருள் வெயிலின் புறஊதாக் கதிரால் சிதைந்து, நிறப்பொருள் சுண்ணாம்புத் தூள்போல் மேலே நிற்கும். எனவே கிடைப்பரப்புகள் பக்கவாட்டுப் பரப்புகளைவிட முன்னதாக வெளிறும். மாதிரியில் மேற்பரப்புக்குச் சற்று வெளிறிய சாயலும், கீழ்ப்பகுதிக்கு மூல நிறமும் இடுவதற்கு இதுவே காரணம்.

ஊர்தியின் வயதைப் பதிவெண்ணிலிருந்து அறியலாம். இந்தியப் படைப் பதிவெண் மேல்நோக்கிய அம்புக்குறியுடன் தொடங்கும். அடுத்த இரு இலக்கங்கள் ஊர்தி பெறப்பட்ட ஆண்டு. அதன் பின்னர் வகையைக் குறிக்கும் எழுத்து, வரிசை எண், சரிபார்ப்பு எழுத்து ஆகியவை வரும். 1998 ஆம் ஆண்டுக்குரிய எண்ணை இட்டு, 1999 ஆம் ஆண்டுக் காட்சியில் அதே ஊர்தியைப் பெரிதும் துருப்பிடித்ததாகக் காட்டினால் இரண்டும் முரண்படும்.

புழுதியின் நிறம் இடத்தைக் காட்டும். தார்ப் பாலைவனத்தில் அது வெளிர் மஞ்சட்பழுப்பு. பஞ்சாபின் வண்டல் நிலத்தில் சாம்பல் கலந்த பழுப்பு. தமிழ்நாட்டின் செம்மண் பகுதிகளில் செம்பழுப்பு. எண்ணூர்ச் சாலையில் செல்லும் சரக்குந்தின் மீது கடற்கரை மணலோடு நிலக்கரித் தூளும் அனல்மின் நிலையச் சாம்பலும் படிவதால், அங்கு புழுதி சாம்பல் நிறம் கொள்ளும். உப்புக்காற்றில் திருகாணித் தலைகளும் பற்றவைத்த இணைப்புகளும் முதலில் துருப்பிடிக்கும். பூச்சு உரிந்த இடத்தில் உடனே வெள்ளி நிற எஃகைக் காட்டுதல் பொதுவான பிழை. முதலில் தெரிவது அடிப்பூச்சு. அதன் பின்னரே எஃகு. அதுவும் விரைவில் பழுப்பாகும். சங்கிலிப் பட்டையில் தரையோடு உரசும் முகடுகள் மட்டுமே பளபளக்கும்.

செய்முறை எடுத்துக்காட்டு

1:35 அளவில் ஆலிவ் பச்சை விஜயந்தா ஒன்றுக்குப் பின்வரும் ஒழுங்கைக் கையாளலாம்.

1. காலமும் இடமும் முடிவு செய்தல். நிறத்தேர்வு முழுவதும் இதனைச் சார்ந்தது.

2. அடிநிறம். டாமியா எக்ஸ்எஃப்-62 அல்லது ஹம்பரோல் 155 ஆலிவ் டிராப் நிறத்தை எடுத்து, பத்துப் பங்குக்கு ஒரு பங்கு மணல் நிறம் (டாமியாவில் எக்ஸ்எஃப்-57) கலத்தல். இவை அமெரிக்க நிறத்தை ஒட்டியவை என்பதால் சிறிது மஞ்சள் காவி சேர்த்து, நம்பத்தக்க படங்களுடன் ஒப்பிடல் வேண்டும். எழுதுபொருள் கடைகளில் கிடைக்கும் அக்ரிலிக் வண்ணங்களில் மஞ்சள் காவி, கறுப்பு, சிறிதளவு வெள்ளை ஆகியவற்றைக் கலந்தும் இந்நிறத்தைப் பெறலாம்.

3. சோதனை. கலவையைப் பயனற்ற நெகிழித் துண்டில் பூசி, உலர்ந்த பின்னர் நிழலான பகலொளியிலும், மாதிரி வைக்கப்படும் அறையின் விளக்கொளியிலும் பார்த்தல். பகலில் ஒத்துத் தோன்றும் இரு நிறங்கள் விளக்கொளியில் வேறுபடலாம். ஈரப்பூச்சைக் கண்டு முடிவு செய்தல் கூடாது.

4. மேற்பரப்புகளுக்கு மேலும் ஒரு பங்கு மணல் நிறம் சேர்த்து மெல்லத் தெளித்தல்.

5. மினுக்கப் பூச்சு இட்டுப் பதிவெண், படைப்பிரிவுச் சின்னம் ஆகியவற்றை ஒட்டுதல். மங்கலான பரப்பில் ஒட்டினால் படலத்தின் அடியில் காற்று தங்கி வெண்மை தட்டும்.

6. அக்ரிலிக் பூச்சின் மீது, நீர்த்த எனாமல் அல்லது எண்ணெய் வண்ணத்தால் இடுக்குகளுக்குக் கரும்பழுப்பு இடல்.

7. மங்கல் பூச்சு. மினுக்கம் நிறத்தைக் கருமையாக்கும். மங்கல் வெளிறச் செய்யும். ஆகவே இறுதித் தோற்றம் இப்படிக்குப் பின்னரே தெரியும்.

8. புழுதி. அது கடைசியில், கீழிருந்து மேலாகக் குறைந்துகொண்டே செல்ல வேண்டும்.

காலநிலையும் பாதுகாப்பும்

சென்னையின் கடலோர ஈரப்பதம் பூச்சைப் பாதிக்கும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் லாக்கர் வகைப் பூச்சுகளைத் தெளித்தால், கரைப்பான் விரைந்து ஆவியாகிப் பரப்பைக் குளிரச் செய்ய, நீர் படிந்து வெண்புகை போன்ற படலம் உண்டாகும். கோடையில் மாறாக, அக்ரிலிக் பூச்சு ஏர்பிரஷ் முனையிலேயே உலர்ந்து அடைத்துக்கொள்ளும். இதற்கு உலர்வைத் தாமதப்படுத்தும் திரவத்தைச் சில துளிகள் சேர்ப்பர்.

செலவைக் குறைக்கத் தொழிற்சாலை எனாமலை மாதிரிக்குப் பயன்படுத்துவோர் உண்டு. குரோம் மஞ்சள், அதிலிருந்து பெறும் சில பச்சைகள் ஆகியவற்றில் ஈயக் குரோமேட்டு இருக்கக்கூடும். 2016 இல் வெளியான இந்திய விதிகள் வீட்டு, அலங்கார வண்ணப்பூச்சுகளில் ஈயத்தை மில்லியனில் 90 பகுதிகளாகக் கட்டுப்படுத்துகின்றன. தொழிற்சாலைப் பூச்சுகளை அவை உள்ளடக்கவில்லை. அத்தகைய பூச்சைத் தேய்த்தால் எழும் தூசி குழந்தைகளுக்குப் பெருந்தீங்கு விளைவிக்கும். ஈயமற்றது எனக் குறிக்கப்பட்ட வண்ணங்களைப் பயன்படுத்துவதும், ஈரமாகத் தேய்ப்பதும், காற்றோட்டமான இடத்தில் உரிய முகமூடியுடன் தெளிப்பதும் இன்றியமையாதன.

துல்லியத்தின் எல்லை

ஒரே ஆலையில் ஒரே ஆண்டில் உருவான இரு ஊர்திகளும் முற்றிலும் ஒரே நிறம் கொண்டிருப்பதில்லை. பூச்சின் தொகுதி மாறும். படைப்பிரிவின் பணிமனையில் மறுபூச்சு நிகழும். எனவே ஒரேயொரு சரியான ஆலிவ் பச்சை என்று எதுவும் இல்லை. ஏற்கத்தக்க ஓர் எல்லைக்குள் பல பச்சைகள் உண்டு. மாதிரியாளர் தாம் கலந்த விகிதத்தையும், ஒப்பிட்ட படத்தையும், தெரிவுக்கான காரணத்தையும் ஒரு தாளில் குறித்து மாதிரியுடன் வைத்தல் நல்ல வழக்கம். பின்னர் கிடைக்கும் சான்று அத்தெரிவைத் தவறெனக் காட்டினாலும், தவறு எங்கு நேர்ந்தது என்பதை அடுத்து வருபவர் அக்குறிப்பிலிருந்து அறிந்துகொள்ளலாம்.